ஐஸ் புயல் வருகிறது: அவரவர் வீட்டில் இருப்பதா, ஒரே வீட்டில் சேர்ந்துகொள்வதா?

குளிர்வாசி | வெள்ளி மாலை 5:40

நாளை இரவு முதல் உறைமழை என்று எச்சரிக்கை வந்துவிட்டது. 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை ஐஸ் படியலாம், அதற்குப் பின்னாலேயே காற்றும் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். விறகு அடுப்பு இருக்கிறது, புகைபோக்கியைக் குளிர் தொடங்குமுன்பே சுத்தம் செய்தாயிற்று. விறகு, தண்ணீர், டார்ச், மருந்து எல்லாம் தயார். எங்களைப் பற்றிப் பெரிய கவலை இல்லை.

கவலையெல்லாம் பக்கத்து வீட்டைப் பற்றித்தான். எண்பதைத் தாண்டிய அம்மா, தனியாக இருக்கிறார். சுவரில் செருகும் ஆக்ஸிஜன் மெஷினை நம்பித்தான் அவர் மூச்சு ஓடுகிறது. கரண்ட் போனால் அது நின்றுவிடும். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றால், "நான் பார்க்காத குளிர்காலமா" என்கிறார். எதிர்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, அவர்களுக்கு மின்சார ஹீட்டரை விட்டால் வேறு எதுவும் இல்லை. எல்லாரையும் எங்கள் வீட்டில் சேர்த்துவிடலாம் என்பது என் எண்ணம். கணவரோ, "அவரவர் வீட்டில் இருக்கட்டும், தேவைப்பட்டால் போய் அழைத்து வருவோம்" என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒன்றும்_ஆகாது | வெள்ளி மாலை 5:58

வருடா வருடம் இதே பாட்டுத்தான். டிவிக்காரன் சிவப்புப் பட்டை ஓடவிடுவான், கடையில் பேட்டரி தீர்ந்துபோகும், காலையில் எழுந்து பார்த்தால் சாதாரண மழை. உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. பெரியவர்களை நடுக்குளிரில் இடம் மாற்றி அலைக்கழிக்காதீர்கள்.

மேகம்பார்ப்பவன் | வெள்ளி மாலை 6:25

சாதாரண மழையாகப் போக வாய்ப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் எவ்வளவு தயாராவது என்று முடிவெடுக்க முடியும்.

மேலே பனியாகத்தான் கிளம்புகிறது. வழியில் பூஜ்யத்துக்கு மேலான வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று இருந்தால் முழுதும் உருகித் துளியாகிறது. தரையை ஒட்டி மறுபடி ஒரு குளிர்ந்த அடுக்கு. அது ஆழமாக இருந்தால் துளி காற்றிலேயே உறைந்து குட்டி ஐஸ் மணியாக விழும், அதனால் பெரிய சேதம் வராது. அந்தக் குளிரடுக்கு மெல்லியதாக இருந்தால்தான் வம்பு. உறைய நேரம் கிடைக்காமல், பூஜ்யத்துக்குக் கீழே இருந்தும் நீராகவே வந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். மேலே, கீழே என்று எங்காவது ஒரு டிகிரி மாறினால் கதை முழுதும் மாறிவிடும். அதனால்தான் ஒரே ஊரில் ஒரு பக்கம் மழையும் இன்னொரு பக்கம் முறிந்த மரமுமாக இருக்கும்.

இன்னொன்று. அடைமழையைவிட, மைனஸ் இரண்டு மூன்று டிகிரியில் விடாமல் பெய்யும் தூறல்தான் நன்றாக ஒட்டும். உறையும்போது நீர் வெப்பத்தை வெளிவிடும். கொட்டோகொட்டென்று கொட்டினால் அந்த வெப்பம் வெளியேற நேரமில்லாமல் பாதி நீர் வழிந்து ஓடிவிடும். ஆகவே "லேசான தூறல்தானே" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற_லைன்மேன் | வெள்ளி இரவு 7:10

அம்மா, கம்பி பக்கத்துக் கணக்கை நான் சொல்கிறேன். ஒரு சென்டிமீட்டர் தடிமனான கம்பியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் ஐஸ் ஏறினால், மீட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல் கூடும். 50 மீட்டர் இடைவெளியில் கிட்டத்தட்ட 29 கிலோ. அதே ஐஸ் இரண்டு சென்டிமீட்டர் ஆனால் 58 என்று நினைக்காதீர்கள், 86 கிலோ வரும். தடிமன் இரட்டித்தால் எடை மூன்று மடங்கு. 12 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும். அதன் மேல் காற்று அடித்தால் கம்பி ஆடும், கம்பம் சாயும், ஒன்று சாய்ந்தால் பக்கத்துக் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

1998 ஜனவரி 5 முதல் 10 வரை கிழக்குக் கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலும் நடந்தது இதுதான். மான்ட்ரியலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீட்டருக்கும் மேல் உறைமழை. கியூபெக்கில் மட்டும் சுமார் 14 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. பெரிய இரும்புக் கோபுரங்களே மடங்கி விழுந்தன. சில ஊர்களில் கரண்ட் திரும்ப ஒரு மாதம் ஆனது. ராணுவத்தில் 15,000 பேருக்கு மேல் இறக்கினார்கள்.

உங்களுக்கு வருவது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் "தேவைப்பட்டால் போய் அழைத்து வருவோம்" என்பது மட்டும் நடக்காது. ஐஸ் ஏறிய பிறகு பக்கத்து வீடும் பக்கத்து ஊரும் ஒன்றுதான். எண்பது வயது அம்மாவை இருட்டில், கண்ணாடியாகிப் போன படிக்கட்டில், ஆக்ஸிஜன் குழாயோடு எப்படி இறக்குவீர்கள்? மேலே கிளை முறிந்துகொண்டிருக்கும். அழைப்பதாக இருந்தால் நாளை மதியத்துக்குள் அழையுங்கள்.

நைட்ஷிப்ட் | வெள்ளி இரவு 8:02

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். குளிர்வாசி அக்கா, முதலில் அந்த அம்மாவிடம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். மெஷினிலேயே ஒரு சின்னப் பந்து மிதக்கும், அதைப் பார்த்தாலும் தெரியும். வீட்டுக்குக் கொடுக்கும் 'E' என்ற அளவுச் சிலிண்டரில் சுமார் 680 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர், விடாமல் ஓடினால் ஐந்தரை மணி நேரம். "ஒரு சிலிண்டர் இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன்" என்று அவர் சொன்னால் அதன் பொருள் இதுதான். சப்ளை செய்யும் இடத்துக்கு இப்போதே போன் போடுங்கள். நாளை மதியத்துக்கு மேல் வண்டி வராது. மின் நிறுவனத்தில் மருத்துவக் கருவி உள்ள வீடுகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பட்டியலில் பேர் இருந்தால் உடனே கரண்ட் வந்துவிடும் என்று அர்த்தமில்லை, எந்த வீடு என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது முக்கியம். உங்கள் வீட்டில் விறகு அடுப்பு எரிகிறது. ஆக்ஸிஜன் ஓடும் இடத்துக்கும் தீக்கும் நடுவில் குறைந்தது 3 மீட்டராவது இருக்க வேண்டும். மெழுகுவத்தியும் தீதான். அவருக்கு அடுப்புள்ள கூடம் கூடாது, கதவு போட்ட வேறு அறை வேண்டும். அங்கே கதகதப்பு வரும்படி செய்ய முடியுமா என்று பாருங்கள். அது முடியாது என்றால் இன்றைக்கே, சாலை நன்றாக இருக்கும்போதே, ஜெனரேட்டர் உள்ள நிவாரண முகாமுக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்புவதுதான் சரி. பாசம் வேறு, மூச்சு வேறு.

புதுவரவு | வெள்ளி இரவு 8:30

எனக்கு இது முதல் குளிர்காலம். முட்டாள்தனமான கேள்வியாக இருந்தால் மன்னிக்கவும். எங்கள் வீட்டு ஹீட்டர் கேஸில் ஓடுகிறது. கரண்ட் போனாலும் அது ஓடும்தானே?

ஓய்வுபெற்ற_லைன்மேன் | வெள்ளி இரவு 8:41

ஓடாது தம்பி. கேஸ் எரிந்து சூடாக்கினாலும் அந்தச் சூட்டை வீடு முழுக்கத் தள்ளும் விசிறியும், பற்றவைக்கும் பாகமும், கட்டுப்படுத்தும் போர்டும் கரண்ட்டில்தான் ஓடுகின்றன. பாதிப் பேருக்கு இது கரண்ட் போன அன்றுதான் தெரியவரும். ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள், சின்னதாக, ஜன்னல் குறைவாக. வாசலில் போர்வையைத் தொங்கவிடுங்கள், எல்லாரும் அதிலேயே படுங்கள்.

சமையல் கேஸ் அடுப்பைக் கொளுத்தி வைத்துக் குளிர் காய்வது மட்டும் வேண்டாம். கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது அதைவிட மோசம்.

ஒன்றும்_ஆகாது | வெள்ளி இரவு 8:55

இவ்வளவு பீதி எதற்கு? ஆயிரத்தெட்டு ஜெனரேட்டர் விற்கிறது. ஒன்றை வாங்கிக் கார் ஷெட்டில் வைத்து, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. மழையிலும் நனையாது, யாரும் தூக்கிக்கொண்டும் போகமாட்டார்கள்.

நைட்ஷிப்ட் | வெள்ளி இரவு 9:04

இதைப் படித்துவிட்டு யாராவது செய்துவிடப் போகிறார்கள், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஷட்டர் பாதி திறந்திருந்தாலும் சரி, முழுதும் திறந்திருந்தாலும் சரி, ஷெட்டுக்குள் ஜெனரேட்டர் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவிடுக்கு அதற்குப் போதும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கரண்ட் போனபோது ஷெட்டில் காரை ஓடவிட்டும், கரி அடுப்பை உள்ளே வைத்தும் ஏராளமானோர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிலர் வீடு திரும்பவே இல்லை. 1998இலும் ஐஸ் தலையில் விழுந்து செத்தவர்களைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை, சூட்டுக்காக வீட்டுக்குள் செய்த காரியங்களாலும் உயிர் போனது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். காய்ச்சல் இல்லாத ஃப்ளூ மாதிரி இருக்கும். ஒரே வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாக வந்தால், நாய்க்கும் தள்ளாடினால், யோசிக்காமல் வெளியே வாருங்கள், அப்புறம் அவசர எண்ணுக்குப் போன். தூங்குகிறவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, அதனால்தான் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேண்டும். படுக்கிற அறைக்குப் பக்கத்தில் வையுங்கள், இன்றே பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற_லைன்மேன் | வெள்ளி இரவு 9:20

நர்ஸம்மா சொன்னதோடு சேர்த்து: வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வரும் பக்கம் எந்த ஜன்னலையும் பார்க்காமல். உங்கள் ஜன்னலை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து வீட்டு ஜன்னலையும் பாருங்கள். நாலு பக்கமும் திறந்த ஒரு கூரை மட்டும் போட்டுக்கொள்ளலாம். பெட்ரோல் ஊற்றும்போது அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கிற வித்தை ஒன்று சுற்றுகிறது. இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயர். அதைப் பார்த்தால் வெட்டிப் போட்டுவிடுங்கள். வெளியே இருக்கும் டிரான்ஸ்பார்மர் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். உங்கள் வீட்டு வோல்டேஜ் அதில் ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பிக்குப் போகும். கரண்ட் இல்லை என்று நம்பி அந்தக் கம்பியில் கை வைப்பவன் எங்கள் ஆள். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு புயலுக்கும் இந்தப் பயத்தோடுதான் கம்பம் ஏறியிருக்கிறேன்.

மூன்றாம்_மாடி | வெள்ளி இரவு 10:15

அடுக்குமாடிக்காரர்களை யாரும் நினைப்பதே இல்லை. எங்களுக்கு விறகும் இல்லை, ஜெனரேட்டர் வைக்க இடமும் இல்லை. நான் செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டேன். மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றுவது மோட்டார்தான், கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் குழாய் வறண்டுவிடும். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்குத் தனியாக எடுத்து வைத்தாயிற்று. தொட்டித் தண்ணீர் கழிவறைக்கு. வாசல் கதவு அட்டை காட்டினால் திறக்கும் வகை, கரண்ட் இல்லாதபோது அது திறக்குமா, பூட்டிக்கொள்ளுமா என்று காவலரிடம் கேட்டதற்கு அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

எட்டாம் மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் இருக்கிறார். லிஃப்ட் நின்றால் அவர் அங்கேயேதான். யார் யார் எந்தக் கதவைத் தட்டுவது என்று ஒரு தாளில் எழுதி லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறோம். வாட்ஸாப் குழு வேண்டாமா என்று பையன்கள் கேட்டார்கள். டவர் படுத்துவிட்டால் என்ன செய்வது?

குளிர்வாசி | சனி காலை 10:50

எல்லாருக்கும் நன்றி. கணவர் லைன்மேன் ஐயாவின் பதிலைப் படித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை, காரை எடுத்துக்கொண்டு உப்பும் மணலும் வாங்கப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு அம்மா நிமிடத்துக்கு 2 லிட்டர்தான். கூடுதல் சிலிண்டர் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். ஆனால் ஆள் மசியவில்லை. நான் போய்க் கெஞ்சினேன், கணவர் போய்க் கணக்குச் சொன்னார். "என் வீட்டில் செத்தால் என் வீட்டில் செத்ததாக இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன பேசி அழைப்பது?

மூன்றாம்_மாடி | சனி காலை 11:05

உங்களுக்காக வாருங்கள் என்று கேட்டால் எந்தப் பெரியவரும் வரமாட்டார். எங்களுக்காக வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கைக்குழந்தையை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும், இப்படி ஏதாவது ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்.

நைட்ஷிப்ட் | சனி காலை 11:12

அதோடு அவர் தலையணை, அவர் போர்வை, அவர் கோப்பை எல்லாவற்றையும் முதலில் எடுத்து வந்துவிடுங்கள். மருந்துப் பெட்டியை நீங்களே தொட்டு எடுத்து வையுங்கள், அவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். இன்சுலின் இருந்தால் குளிர்ந்த ஜன்னலோரம் வைக்கக் கூடாது, உறைந்தால் வீண்.

குளிர்வாசி | சனி மதியம் 2:20

வந்துவிட்டார்! நாங்கள் யாரும் காரணமில்லை. என் மாமியார் எங்களிடம் சொல்லாமல் தானாகக் கிளம்பிப் போயிருக்கிறார். "எனக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை, ராத்திரி பயமாக இருக்கும், கூடப் படுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மாமியார் இங்கே வந்து எத்தனையோ குளிர்காலம் பார்த்தாயிற்று, பனி தள்ளும் மெஷினை எங்களைவிட நன்றாக ஓட்டுவார். பொய் என்று பொய். இப்போது இருவரும் பின்னறையில் உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பின்னறை அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, கதவோடு இருக்கிறது. குளிரும், ஆனால் தெருக் கடைசி வீட்டுக்காரர் புண்ணியத்தில் அதற்கும் வழி கிடைத்தது. அவரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, அடுப்பு இல்லை. எங்களிடம் அடுப்பு இருக்கிறது, ஜெனரேட்டர் இல்லை. நாயையும் ஜெனரேட்டரையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். கொல்லையில் அளந்து தள்ளி வைத்திருக்கிறோம். வெளியில் போடுகிற கனமான வயர் ஒன்று ஆக்ஸிஜன் மெஷினுக்கும் சின்ன எண்ணெய் ஹீட்டருக்கும், இன்னொன்று ஃபிரிட்ஜுக்கு. எதிர்வீட்டுத் தம்பதியும் மாலைக்குள் வந்துவிடுவார்கள்.

புதுவரவு | சனி மதியம் 3:10

ஃபிரிட்ஜ் பற்றிக் கேட்கத்தான் வந்தேன். வெளியே மைனஸில் இருக்கிறதே, சாமான்களை வெளியே வைத்துவிட்டால் என்ன?

நைட்ஷிப்ட் | சனி மதியம் 3:25

வெயில் அடித்தால் வெளியே சூடு ஏறும், இரவில் உறையும், நரியோ அணிலோ வரும். திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி என்றால் 24. காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை இன்றே உறைய வையுங்கள், தாங்கும் நேரமும் கூடும், உருகினால் குடிக்கவும் ஆகும். இறைச்சி, பால் மாதிரியானவை 4 டிகிரிக்கு மேலே 2 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற_லைன்மேன் | சனி மாலை 4:40

இருட்டுவதற்குள் செய்ய வேண்டியவை, என் நினைவுக்கு வரும் வரிசையில். தண்ணீர் மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள், ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இறுகிப் போயிருந்தால் அது இப்போது தெரியட்டும், குழாய் வெடித்த பிறகு தெரிய வேண்டாம். உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே அழுத்தம் ஏறித்தான் வெடிக்கிறது, அதனால் வெளிச்சுவர்ப் பக்கத்துக் குழாயை நூலளவு ஒழுகவிடுங்கள். தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். எதிர்வீடு காலியாகிறது அல்லவா, அங்கே மெயினை மூடிக் குழாய்களை வடித்துவிடுவது நல்லது.

காரை மரத்தடியிலிருந்து எடுங்கள். வைப்பரைத் தூக்கி வையுங்கள். மரத்தைப் பற்றி ஒன்று: ஐஸ் ஏறிய கிளையை உலுக்காதீர்கள், தட்டாதீர்கள். வளைந்திருப்பது தானாக நிமிர்ந்தாலும் நிமிரும், தட்டினால் படக்கென்று ஒடியும்.

உப்பு மைனஸ் 9க்குக் கீழே போனால் பெரிதாக வேலை செய்யாது. அப்போது மணல்தான் கால் கொடுக்கும்.

மேகம்பார்ப்பவன் | சனி இரவு 9:30

ராடாரில் மழையின் முன்வரிசை வந்துவிட்டது. தரையில் மைனஸ் 2, மேலே 1500 மீட்டரில் பிளஸ் 4. பாடப்புத்தகத்தில் போடலாம். குளிர்வாசி இருக்கும் பக்கம் நள்ளிரவுக்கு முன்பே தொடங்கும்.

குளிர்வாசி | சனி இரவு 11:35

தொடங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் மணலைத் தூவினாற்போலச் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன், துணிக்கொடியில் இப்போதே ஒரு பளபளப்பு. கையுறையோடு தொட்டால் வழுக்குகிறது. பிள்ளைகள் தூங்க மறுக்கிறார்கள், நாய் யார் பக்கம் படுக்க வேண்டும் என்று சண்டை.

குளிர்வாசி | ஞாயிறு அதிகாலை 3:15

கரண்ட் போய்விட்டது. முதலில் மின்னி மின்னி இரண்டு தடவை திரும்பியது, அப்புறம் மலைப்பக்கம் வானமே பச்சையாக வெட்டியது, அதோடு சரி. ஜெனரேட்டரைக் கிளப்பக் கணவரும் தெருக் கடைசிக்காரரும் வெளியே போனார்கள், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு. சிரிக்காதீர்கள், புல்லே கண்ணாடியாக இருக்கிறது. இடைப்பட்ட நேரத்துக்குச் சிலிண்டர். அம்மா எழுந்து மூக்குக் குழாயை மாற்றிக்கொண்டு, நர்ஸ் வேலை பார்த்தவர் மாதிரி எங்களுக்கே சொல்லிக்கொடுத்தார்.

வெளியே கிளைகள் ஒடிகின்றன. டப்பென்று ஒரு வெடி, அப்புறம் கண்ணாடிப் பாத்திர அலமாரியே சரிந்தது போலச் சரசரவென்று இறங்குகிறது. எந்தப் பக்கம் என்று தெரியாததுதான் பயம். சாலையை ஒட்டிய பெரிய மரத்துப் பக்கம் யாரையும் படுக்க வைக்கவில்லை.

நைட்ஷிப்ட் | ஞாயிறு அதிகாலை 3:30

அடுப்புச் சாம்பலை இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள், உள்ளே வைக்காதீர்கள். அணைந்த மாதிரி தெரியும் கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்ஸைடு வரும். நானும் வேலையில்தான் இருக்கிறேன், ஜெனரேட்டர் வெளிச்சத்தில்.

புதுவரவு | ஞாயிறு காலை 8:20

எங்களுக்கும் இல்லை. சொன்னபடியே ஒரே அறையில் இருக்கிறோம், அறைக்குள் 14 டிகிரி. இப்போது ஒரு பிரச்சினை. பக்கத்து வீட்டு வாசலில் கம்பி ஒன்று அறுந்து கம்பி வேலி மேல் கிடக்கிறது. தெருவே இருட்டு, அதில் கரண்ட் இருக்க வாய்ப்பில்லைதானே? அந்த வேலி எங்கள் வீடு வரை வருகிறது.

ஓய்வுபெற்ற_லைன்மேன் | ஞாயிறு காலை 8:24

தொடாதே. பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே. 10 மீட்டர் தள்ளி நில். கம்பி மேல் விழுந்தால் வேலி முழுதும் கம்பிதான், உங்கள் வாசல் வரைக்கும். தெரு இருட்டாக இருப்பதால் எதுவும் நிச்சயமில்லை. யாராவது ஜெனரேட்டரைத் தப்பாகச் செருகியிருக்கலாம், அல்லது எந்த நொடியிலும் மேலே இருந்து திரும்பக் கொடுக்கலாம். அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டாரிடமும் உள்ளே இருக்கச் சொல். போனில் சொல், நடந்து போகாதே.

நடந்தே ஆக வேண்டிய இடத்தில் வாத்து நடை: சின்னச் சின்ன அடி, பாதம் தட்டையாக, கையைப் பாக்கெட்டில் வைக்காமல்.

புதுவரவு | ஞாயிறு காலை 9:50

வந்து நாடா கட்டிவிட்டுப் போனார்கள். கரண்ட் இருந்ததாம். நன்றி ஐயா.

ஒன்றும்_ஆகாது | ஞாயிறு காலை 10:30

எங்கள் பக்கம் வெறும் மழை. பிளஸ் ஒன்று. சொன்னேனா இல்லையா?

மேகம்பார்ப்பவன் | ஞாயிறு காலை 10:41

சொன்னீர்கள். நீங்கள் இருக்கும் இடத்துக்கும் குளிர்வாசி இருக்கும் இடத்துக்கும் தரையில் மூன்று டிகிரி வித்தியாசம், அவ்வளவுதான். குளிர்காற்று கனமானது, பள்ளத்தாக்கில் போய்த் தேங்கிக்கொள்ளும், மேலே வெதுவெதுப்புக் காற்று அதன் முதுகில் ஏறிப் போகும். 1998இல் மான்ட்ரியல் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கில் வடகிழக்குக் காற்று குளிரை விடாமல் ஊட்டிக்கொண்டே இருந்ததால்தான் அத்தனை நாள் நீடித்தது. அடுத்த தடவை உங்கள் பக்கம் தேங்கலாம்.

மூன்றாம்_மாடி | ஞாயிறு மதியம் 1:15

எங்களுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது, நினைத்த மாதிரியே. எட்டாம் மாடிப் பெரியவருக்கு வேளாவேளைக்கு ஆள் போகிறார்கள். அவரிடம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று இருக்கிறது, கட்டடத்துக்கே செய்தி அவரிடமிருந்துதான் வருகிறது. அவரைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லாரும் படியேறுவது அதற்குத்தான்.

குளிர்வாசி | திங்கள் காலை 9:05

இன்னும் கரண்ட் இல்லை. மழை நின்று காற்று தொடங்கியிருக்கிறது. இரவு தாங்கிய மரங்கள் எல்லாம் இப்போதுதான் விழுகின்றன. எதிர்வீட்டுச் சுவரிலிருந்து கம்பி வரும் அந்த இரும்புக் குழாயைக் கிளை ஒன்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மீட்டர் பெட்டி தொங்குகிறது. குழந்தையோடு அவர்கள் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பெண் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்குள் எல்லாம் பழகிவிட்டது. குழந்தை பக்கத்து வீட்டு அம்மா மடியில்தான் தூங்குகிறது, வேறு யார் தூக்கினாலும் அழுகை. தெருக் கடைசிக்காரர் ஓயாமல் பேசுகிறார், அதுதான் தாங்க முடியவில்லை. ஜெனரேட்டருக்கு அதுதான் வாடகை என்கிறார் மாமியார்.

ஓய்வுபெற்ற_லைன்மேன் | திங்கள் காலை 9:30

அந்தக் குழாயைப் பற்றி ஒன்று. பெரும்பாலான இடங்களில் கம்பமும் அதிலிருந்து வீடு வரை வரும் கம்பியும் மின் நிறுவனத்தின் பொறுப்பு. சுவரில் பொருத்திய குழாயும் மீட்டர் பெட்டியும் வீட்டுக்காரர் பொறுப்பு. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் இணைப்புக் கொடுப்பார்கள். தெருவுக்கெல்லாம் கரண்ட் வந்து அந்த வீடு மட்டும் இருட்டாக நிற்கும். ஊர் முழுக்க எலக்ட்ரீஷியனைத் தேடுவதற்குள் இன்றே பெயரைக் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸுக்குப் படமும் எடுத்துக்கொள்ளட்டும், தூரத்தில் நின்று.

கரண்ட் திரும்புமுன் ஹீட்டர், டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பிடுங்கி வையுங்கள். ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு வைத்தால் வந்தது தெரியும். அது கொஞ்ச நேரம் நிலையாக எரிந்த பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள்.

குளிர்வாசி | புதன் மாலை 6:10

விளக்கு எரிகிறது. எதிர்வீட்டுக்கு மட்டும் இல்லை, ஐயா சொன்னது போலவே. எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை வருகிறார், அதுவரை அவர்கள் இங்கேதான். பக்கத்து வீட்டு அம்மா கரண்ட் வந்ததும் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். குழந்தையையும் அதன் அம்மாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார், அங்கே இரண்டு அறை சும்மா கிடக்கிறதாம்.

ஒரு கேள்வி. எங்கள் பெரிய மரத்தில் முறிந்த கிளை ஒன்று கீழே விழாமல் உச்சியில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பிர்ச் மரம் வளைந்து தலை தரையைத் தொடுகிறது. கணவர் ஏணியையும் ரம்பத்தையும் எடுத்து வைத்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற_லைன்மேன் | புதன் மாலை 6:25

ஏணியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். தொங்கும் கிளை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏணியில் நிற்பவனுக்கு ஓட இடமும் இருக்காது. அது மரம் வெட்டும் ஆளின் வேலை. அவர் வரும்வரை அடியில் கயிறு கட்டித் தடுத்து வையுங்கள். பிர்ச் மரத்தை விட்டுவிடுங்கள். ஐஸ் தானாக உருகட்டும், வெந்நீர் ஊற்ற வேண்டாம். வளைந்த மரம் வெட்டுவதா வேண்டாமா என்பதை இலை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுப்புள்ள வீடு, ஜெனரேட்டர் உள்ள வீடு, மெஷின் உள்ள வீடு, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பிப்ரவரி இன்னும் பாக்கி இருக்கிறது.

குளிர்வாசி | புதன் மாலை 6:40

ஏணி உள்ளே போயிற்று. தாளை மாமியார் ஏற்கனவே எழுதிவிட்டார். தெருக் கடைசிக்காரர் பெயருக்கு எதிரே "ஜெனரேட்டர், நாய், வாய்" என்று இருக்கிறது. அவர் கண்ணில் படுமுன் திருத்த வேண்டும்.